ஆரம்பாக்கத்தில் நான் விட்ட ஏரோப்ளேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். (‘கொஞ்சம்’ என்பது அடக்கத்துக்காகச் சேர்த்தது.) இருபத்தெட்டு வயதில் அது உச்சத்தில் இருந்தது. ஒரு வேலையை நான் இதுவரை செய்ததே இல்லை என்றால், அதை இனிமேல் பிரமாதமாகச் செய்யப் போகிறேன் என்றுதான் எனக்கு அர்த்தம். வாடகை வீட்டுக்காரரின் மிக்சியை நானே முன்வந்து பிரித்தது அந்தத் தைரியத்தில்தான். மிக்சி அதன் பிறகு ஓடவில்லை. ஆனால் அதைப் பிரித்த வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்போது, இரண்டாயிரத்து ஆறு வாக்கில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். திங்கட்கிழமை தோறும் காலை ஷிப்ட் தொடங்கும் முன் தொழிலாளர்களுக்கு ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு உண்டு. பேசுவது நான். “தின்னர் ஆவி நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா நெருப்புக்கு அதை நல்லாத் தெரியும்!” என்று நான் முழங்கினால் பின்வரிசையில் தூங்குகிறவன்கூட ஒரு கண்ணைத் திறப்பான். பாதுகாப்பில் சிறந்த சூப்பர்வைசர் என்று அந்த வருடம் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கலைவாணிக்குப் பக்கத்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நான் ஏறும் ஷேர் ஆட்டோவிலேயே ஏறுவாள். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினோரு பேரை ஏற்றினால் காதல் வராமல் என்ன செய்யும்? இரண்டு வருடம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

அவள் அப்பா பெயர் முனிரத்தினம். ஆரம்பாக்கத்தில் சொந்த நிலம், நெல் விவசாயம், இரண்டு பசு, ஒரு கன்று. (கலை அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாக்கள் நைனாக்கள்தான்.) மகள் தானாக ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள் என்று தெரிந்ததும் அவர் திட்டவில்லை, அடிக்க வரவில்லை, ஆள் அனுப்பவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு மாமியார் மட்டும் வந்தார். ஒரு வருடம் கழித்து மாமனார் மகளிடம் போனில் “சாப்ட்டியா?” என்று கேட்கும் அளவுக்கு இறங்கி வந்தார். என்னிடம் அதுவும் இல்லை. தப்பித்தவறி நான் போனை எடுத்தால், மறுமுனையில் யாரோ மூச்சுவிடுவது கேட்கும், பிறகு அதுவும் நின்றுவிடும்.

கலை அழுகிற ரகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் பேசி போனை வைத்ததும் பாத்திரம் தேய்ப்பாள், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த பாத்திரத்தை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் என் வாழ்க்கையில் விமானம் வந்தது. எங்கள் பெயிண்ட் ஷாப்பில், அடித்த பெயிண்டைச் சூட்டில் காயவைக்கும் புது அடுப்பு ஒன்றை நிறுவ செக் நாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். சாயங்காலங்களில் விடுதி அறையில் உட்கார்ந்து சின்னச் சின்னக் குச்சிகளை ஒட்டி விமானம் செய்வார். இஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. வயிற்றுக்குள் நீளமாக ஒரு ரப்பர் பட்டை. முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றிச் சுற்றி ரப்பரை முறுக்கிவிட்டால், முறுக்கு அவிழ அவிழ விசிறி சுழன்று விமானம் பறக்கும். ஊருக்குப் போகும்போது, பிரிக்காத ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். அவரைத் தினமும் மதியம் நல்ல மீன் குழம்பு கிடைக்கும் கடைக்கு அழைத்துப் போனதற்கு நன்றியாம்.

பெட்டிக்குள் பால்சா மரத்தில் மெல்லிய தகடுகளும் குச்சிகளும் இருந்தன. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத அளவுக்கு லேசான மரம். மெல்லிய டிஷ்யூ காகிதம், ரப்பர், விசிறி, முழு அளவில் வரைந்த ஒரு படம், செக் மொழியில் நான்கு பக்க விளக்கம். விளக்கத்தை அப்படியே மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தேன். படம் இருக்கும்போது வார்த்தை எதற்கு?

படத்தை மேஜையில் விரித்து, பசை ஒட்டாமல் இருக்க மேலே பாலிதீன் போட்டு, கோடுகளின் மேலேயே குச்சிகளை வைத்துக் குண்டூசி குத்தி ஒட்ட வேண்டும். ஒன்றரை மாதம் சாப்பாட்டு மேஜை எனக்குச் சொந்தமாகிவிட, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிளேடால் என் விரல்களை ஒன்பது இடத்தில் அறுத்துக்கொண்டேன். கடைசியில் இறக்கைகள் இரண்டும் தயாரானதும் கலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். எந்தக் கோணலும் இல்லாமல், அச்சில் வார்த்தது போல இருந்தன.

“ரெண்டும் ஒரே மாதிரி கீதே?” என்றாள்.

“அதுதான் துல்லியம்.”

“அதில்ல தாமு. ரெண்டுமே எடது பக்கத்து றெக்க.”

படத்தில் ஒரு பக்க இறக்கையைத்தான் வரைந்திருந்தார்கள். இன்னொரு பக்கத்துக்குப் படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மேஜைக்காலுக்கு அடியில் இருந்த விளக்கத்தில் இருந்திருக்கும். வலது இறக்கையைப் புதிதாகச் செய்ய இன்னும் ஒரு வாரம் ஆனது. (மிச்சமான இடது இறக்கை, செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு, வெகுநாள் எங்கள் வீட்டில் கைவிசிறியாக இருந்தது. காற்று நன்றாக வரும்.)

அடுத்து, எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்த்தும் வேலை. டிஷ்யூ காகிதத்தை ஓரங்களில் பசை தடவிச் சட்டத்தின் மேல் ஒட்டுவார்கள். முதலில் தொளதொளவென்று சுருக்கம் சுருக்கமாகத்தான் இருக்கும். மேலே தண்ணீரைப் புகை மாதிரி தெளித்துக் காயவிட்டால், காகிதம் தானாக இறுகி மேளம் போல விறைக்கும். அந்த மாயத்தைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. கடைசியில் காற்றுப் புகாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு பூச வேண்டும். அதற்கான புட்டி பெட்டியிலேயே காய்ந்து கிடந்தது. வேறு ஒருவனாக இருந்தால் கலங்கியிருப்பான். நான் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர் அல்லவா? மரச்சாமானுக்குப் பளபளப்புக்காக அடிக்கும் லாக்கரை வாங்கி வந்து, தாராளமாகத் தின்னர் கலந்தேன். ஒரு பூச்சு போதும் என்று பெட்டி மேல் படமே போட்டிருந்தார்கள். ஒரு பூச்சோடு நிறுத்தினால் என் தொழிலுக்கு அவமானம் என்பதால் நான்கு பூச்சு பூசினேன். சிவப்பு நிறத்தில் அது தகதகவென்று நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிவிட்டு வந்த கலை பாத்திரத்தைத் தொடவில்லை.

“பொங்கலுக்கு வரச் சொல்றாங்க அம்மா. நைனாவாண்ட கேட்டாங்களாம். ‘வந்தா வரட்டும்’னாராம்.”

“என்னையுமா?”

“உன்னையுந்தான். அம்மா உன் ஏரோப்ளேன பத்திச் சொல்லிக்கீறாங்க. நைனா, ‘அது பறக்குமா, இல்ல சும்மா அலமாரில வெக்கிறதா’ன்னு கேட்டாராம்.”

ஒன்றரை வருடத்தில் என் சம்பந்தமாக அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. அன்றே முடிவு செய்துவிட்டேன். அவர் நிலத்தில், அவர் கண் முன்னால், என் விமானம் பறக்கும். அதைப் பார்த்த பிறகு எந்த மனுஷனால் பேசாமல் இருக்க முடியும்?

“இத பார் தாமு,” என்றாள் கலை. “எனுக்கு ஏரோப்ளேன்லாம் வேணாம். நைனா உன்னாண்ட ஒரே ஒரு வார்த்தை பேசணும். ‘வா’ன்னு சொன்னாக்கூடப் போதும். அத மட்டும் நீ கெடுத்துடாத.”

கையால் வீசி மிதக்கவிட்டுப் பார்த்து, மூக்கில் களிமண் உருண்டை வைத்து எடையைச் சரிசெய்ததோடு என் சோதனைகள் முடிந்தன. ரப்பரை முறுக்கி ஒரு தடவைகூடப் பறக்கவிட்டுப் பார்க்கவில்லை. ஒத்திகை என்பது சந்தேகம் உள்ளவர்களுக்கு என்பது அந்நாளில் என் கருத்து.

பொங்கலன்று காலை ரயிலில் டிவி அட்டைப்பெட்டிக்குள் விமானத்தை வைத்து மடியில் ஏந்திக்கொண்டு போனேன். எதிரில் இருந்தவர் எளாவூர் வருவதற்குள் ஆறு தடவை பெட்டியைப் பார்த்தார்.

“இன்னா சார் உள்ள, கேக்கா?”

“ஏரோப்ளேன்.”

சொல்ல இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்தவர், இறங்கும்போது கோபத்தில் தன் கரும்புக்கட்டைப் பெட்டியின் மேல் இடித்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால், வலது இறக்கையில் ஒரு கிழிசல்.

மாமனார் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். “வணக்கம் மாமா” என்றேன். அவர் பசுவைப் பார்த்தார்.

“லட்சுமி, வழிவுடு. ஊட்டுக்கு ஆளுங்க வந்துக்கீறாங்க.”

அன்று முழுக்க அப்படித்தான். அவருக்கும் எனக்கும் நடுவில் லட்சுமி. “லட்சுமி, காபி ஆறிப்போவுது, குடிக்கிறவங்க குடிக்கலாம்” என்பார். நான் குடிப்பேன். “லட்சுமி, கொசு ஜாஸ்தி. ஃபேன் போட்டுக்கினு படுக்கணும்” என்பார். தொழுவத்தில் ஃபேன் கிடையாது என்பதால் அதுவும் எனக்குத்தான் என்று புரிந்துகொண்டேன். கலை என்னைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டியதும், மாமியார் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். என் தொழில் ஆயிற்றே. கொம்பை முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, அடியில் நீலம், நுனியில் சிவப்பு, நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு மஞ்சள் கோடு. ஆரம்பாக்கத்தில் அந்த வருடம் அப்படி ஒரு கொம்பு வேறு எந்த மாட்டுக்கும் இல்லை. மாமனார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“லட்சுமி, கொம்பு ஜோரா கீதுடி,” என்றார்.

கலை என் முழங்கையைக் கிள்ளினாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்னும் ஒரு படி, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. லட்சுமியைத் தாண்டி என்னிடம் வர அவருக்கு இன்னும் ஒரே ஒரு படிதான். ஓடிப்போய் விமானத்தின் கிழிசலில் காகிதம் ஒட்டி, கையோடு கொண்டு வந்திருந்த லாக்கரை அதன் மேல் பூசினேன். ஒட்டுப் போட்ட இடம் மட்டும் பளபளத்ததால், மிச்ச இடம் மங்கிவிட்ட மாதிரி தெரிந்தது. மூக்கு முதல் வால் வரை முழுக்க இன்னும் ஒரு பூச்சு அடித்தேன். தொட்டால் விரலில் லேசாக ஒட்டியது. தொடாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் நெல் அடிக்கும் களம். ஓரத்தில், அறுவடை முடிந்த கையோடு போட்ட வைக்கோல் போர், என்னைப் போல இரண்டு ஆள் உயரம். மாடுகளுக்கு ஒரு வருடத் தீனி அதுதான். களத்தில் மாடுகளை நிறுத்தி, பக்கத்தில் ஏர், மண்வெட்டி, தேசப்பனின் டிராக்டர். தேசப்பன் பக்கத்து நிலத்துக்காரர், மாமனாரின் நெடுநாள் சிநேகிதர், வாய் ஓயாதவர்.

பூஜை முடியும் நேரம் பார்த்து ரப்பரை முறுக்க ஆரம்பித்தேன். தச்சர்கள் கையால் சுற்றும் துளைபோடும் கருவி ஒன்றில் கொக்கி மாட்டி, ரப்பரை முன்பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். ரப்பர் உராயாமல் இருக்க விளக்கெண்ணெய் பூசியிருந்தேன். தேசப்பன் விமானத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், முறுக்கிக்கினே கீறீங்க? அந்துடப் போவுது.”

“அறுநூறு சுத்து தாங்கும். கணக்குப் போட்டிருக்கேன்.” (போடவில்லை.)

அறுநூறு சுற்றியதும் விசிறியை மாட்டினேன். இனி ஒரு கையால் விசிறியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கையால் உடம்பை. இரண்டில் எதை விட்டாலும் விமானம் கிளம்பிவிடும். களத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாரும் பார்த்தார், லட்சுமியை அல்ல, என் கையை. நான் மூச்சை இழுத்துக்கொண்டு விடப்போகும் நேரம்.

“இருங்க மாப்ள, இருங்க,” என்று மாமியார் தட்டோடு ஓடி வந்தார். “புது வண்டி. பொட்டு வெக்காம எடுக்கிறதா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் பக்கத்தில் தையல் மிஷின் வாங்கினாலும் பொட்டு வைத்துத்தான் உட்காருவோம். டிராக்டருக்கு வைத்தாயிற்று, மண்வெட்டிக்கு வைத்தாயிற்று, மாப்பிள்ளை செய்த ஏரோப்ளேனுக்கு வைக்காமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்? மூக்கில் சந்தனம், அதன் மேல் குங்குமம். இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று. வாலில் ஒரு துண்டு சாமந்திச் சரம். நான் அரைக் கிராம் களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடை பார்த்த விமானம் என் கண் முன்னால் கல்யாணப் பெண்ணாக மாறிக்கொண்டிருந்தது. என் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தன. சரி, பூவோடும் பறக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அவர் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

இங்கேதான் சுவர்க்கடிகாரம் வாங்கிய சூப்பர்வைசர் வாயைத் திறந்திருக்க வேண்டும். தின்னர் ஈரம் காயாத விமானம், ஐந்து பூச்சு லாக்கர், உள்ளே விளக்கெண்ணெய். முந்தின திங்கட்கிழமைகூட இதைத்தான் முழங்கியிருந்தேன். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் முதல் தடவையாக வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கும் மாமியார், மாட்டுப் பொங்கலும் அதுவுமாக, கண்ணில் தண்ணீர் தளும்ப எனக்குக் கற்பூரம் காட்டுகிறார். ‘வேண்டாம்’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு அடி தள்ளித்தானே காட்டப் போகிறார், ஒன்றும் ஆகாது என்று அதை விழுங்கிவிட்டேன்.

முதல் சுற்று தள்ளித்தான் போனது. இரண்டாவது சுற்றும் பரவாயில்லை.

“அண்ணி, நல்லா கிட்ட காட்டுங்க,” என்றார் தேசப்பன். “ஆகாசத்துல போறது.”

மூன்றாவது சுற்றில் தட்டு வாலுக்குக் கீழே போனது. புஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வாலைக் காணோம், அங்கே நெருப்பு இருந்தது. நான் அலறிக்கொண்டு இரண்டு கைகளையும் எடுத்தேன்.

ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். அது பறந்தது. அறுநூறு சுற்றும் ஒன்றாக அவிழ, சந்தனப் பொட்டும் சாமந்திப் பூவுமாக, பின்பாதி தீயாக, என் விமானம் தலையை நிமிர்த்திக்கொண்டு கிளம்பியது. இடது பக்கம் அழகாகச் சாய்ந்து ஒரு வளைவு போட்டது. முப்பதடி இருக்கும். பிறகு வைக்கோல் போரின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

 உச்சியிலிருந்து முதலில் புகை வந்தது, அப்புறம் நெருப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. நேராக, என்னைப் பார்த்து, நடுவில் எந்த மாடும் இல்லாமல்.

“ஏய் மாப்ள! இன்னாத்த பாத்துக்கினு நிக்கிற? தொட்டில தண்ணி கீது, மொண்டு ஊத்துய்யா!”

ஓடினேன். மாட்டுத்தொட்டியில் இருந்து வாளி வாளியாக மொண்டு கொடுத்தேன். மாமனார் ஏணி போட்டுப் போரின் மேலேயே ஏறிவிட்டார். “மாப்ள, இன்னொன்னு!”, “மாப்ள, சாக்க நனைச்சுப் போடு!”, “மாப்ள, அந்தப் பக்கம் இழு, காத்து அங்க போவுது!” ஒன்றரை வருடப் பேச்சை ஒரேயடியாகப் பேசித் தீர்த்தார். பம்புசெட்டைப் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. தேசப்பன் தீ பரவுவதற்குள் தன் டிராக்டரைக் காப்பாற்ற எடுத்துக்கொண்டு ஓடினார். கலையும் நானும் தொரட்டியால் எரிகிற வைக்கோலைப் பிடுங்கிக் கீழே தள்ளி மிதித்தோம். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அடுத்தவர் நிலத்தில் நின்று வேடிக்கை பார்த்தன.

அணைத்து முடித்தபோது போரில் கால்வாசி கருகியிருந்தது. இன்னொரு கால்வாசி நனைந்து நாசம். யாருக்கும் காயம் இல்லை. மாமனாரின் புது வேட்டியில் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பேச்சு நின்றுவிட்டது.

மாமியார் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் பாவி. என் கையால கொளுத்திட்டேனே. இன்னா குத்தமோ, சாமிக்கு நம்ம மேல இன்னா கோவமோ!” என்று அழுதார். கலை கரிபிடித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், வெறும் பயம்தான். ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று கேட்டவள். நூறு வார்த்தை கிடைத்தது, ஆனால் எந்த விலைக்கு! இனி அந்த மனுஷன் ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்கும் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் தன்னம்பிக்கை என்னை விட்டுப் போயிருந்தது. ஒரு துளி மிச்சமில்லை.

போய் அவர் முன்னால் நின்றேன்.

“மாமா, அத்தை மேல தப்பு இல்ல. சாமி மேலயும் இல்ல. நான் பூசுன லாக்கர் நெருப்பு பட்டா பத்திக்கும். அது எனக்குத் தெரியும். எங்க கம்பெனில மத்தவங்களுக்கு அதைச் சொல்றவனே நான்தான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியுமா?”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?”

எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். “அத்தை ஆசையா கற்பூரம் காட்டும்போது எப்படி மாமா வேணாம்னு சொல்றது?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அழுதுகொண்டிருந்த மாமியாரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“முப்பது வருசமா எனுக்கும் அதான் தெரியல.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டே சிரித்தார். பக்கத்தில் இடத்தைத் தட்டி, “உக்காருய்யா” என்றார். உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால், அழுகிற ரகம் இல்லை என்று நான் மேலே எழுதிய கலை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு, “இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?” என்று கேட்டதற்கு இன்றுவரை நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.

எரிந்த வைக்கோலுக்கு ஈடு நானே கொண்டு வந்து போடுகிறேன் என்றேன். “வேணாம்” என்பார் என்று எதிர்பார்த்தேன். “ஞாயித்துக்கெழம வந்துடு” என்றார். அதன்பின் ஞாயிறு தோறும் தேசப்பனின் டிராக்டரில் நானும் மாமனாரும் சக்கரத்து மேல் தகட்டில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஊத்துக்கோட்டைப் பக்கம் வரைக்கும் ஊர் ஊராக வைக்கோல் தேடிப் போனோம். டிராக்டர் சத்தத்தில் மெதுவாகப் பேச முடியாது. கத்திக் கத்தித்தான் பேசினோம். அவர் கல்யாணக் கதையெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும், வழியில் இருந்த எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

நான் அதன் பிறகு இன்னும் நாலைந்து விமானங்கள் செய்துவிட்டேன். எதற்கும் ஒரு பூச்சுக்கு மேல் கிடையாது. மாமனாருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பொங்கலுக்கு யார் புதிதாக வீட்டுக்கு வந்தாலும், காபி கொடுத்த கையோடு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். “இவுருதான் எங்க மாப்ள. எங்க போரக் கொளுத்துனவரு.” மகன் கலெக்டர் என்று சொல்கிறவர்களின் குரலில்கூட அவ்வளவு பெருமையை நான் கேட்டதில்லை.

முதல் வருடம் அவர் சொல்லும்போது விமானம் முப்பதடி பறந்தது. நடந்ததும் அவ்வளவுதான். நாலைந்து வருடத்தில் அது நிலத்தைத் தாண்டி ஏரிக்கரை வரை போக ஆரம்பித்தது. போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தூரத்துச் சொந்தத்தில் சிலர் வந்திருந்தார்கள். அவர்களிடம், “பூ வெச்சுக்கினு கெளம்புச்சு பாருங்க. நேரா ரயில் லைன் மேல போயி, ஒரு ரவுண்டு அடிச்சுட்டு, நம்ம களத்துக்கே திரும்பி வந்துச்சு!” என்று கையை உயரத் தூக்கிக் காட்டினார். வந்தவர்கள் நம்பாமல் என் பக்கம் திரும்பினார்கள். கலை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“நிஜமாவா சார்?” என்றார் ஒருவர். “ஒரு ரவுண்டு அடிச்சுதா?”

“ரெண்டு ரவுண்டு,” என்றேன். “மாமா ஒண்ண மறந்துட்டாரு.”